கூட்ரோட்டுக் கல்லில் ஒரு திருத்தம்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நான் போனது ஒரு கல்லைப் பார்ப்பதற்காக. தாஜ்மகாலுக்குப் போகிறவர்களும் கல்லைத்தான் பார்க்கப் போகிறார்கள். அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என்னை மட்டும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தொடங்கி ரயிலில் கொய்யாப்பழம் விற்ற அம்மாள் வரை கேட்டார்கள். "எங்க மாமாவுக்கு ரோட்டோரமா நினைவுக் கல் வைக்கிறாங்க. அதுல உள்ள வாசகம் நான் எழுதினது" என்று கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். கர்வம் இல்லை என்று புளுக மாட்டேன். பத்திரிகை ஆசிரியரின் மருமகள் நான். எழுதினால் நாலு பேர் நின்று படிக்க வேண்டாமா?

இப்போதே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாசகத்தின் கடைசி வாக்கியம் பொய். தெரிந்து எழுதிய பொய் அல்ல. ஓசை நன்றாக இருக்கிறதே என்று எழுதியது. கல் வெட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அது பொய் என்று அந்த ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். யாருக்குச் சேர வேண்டிய பெயரை நான் மாமாவுக்குத் தூக்கிக் கொடுத்தேனோ, அந்த அம்மாள் கையால்தான் மூன்று நாள் காலை நாஷ்டா சாப்பிட்டேன். அதுவும் ரசித்து, இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கி.

புதன்கிழமை சாயங்காலம் புறநகர் ரயில் மீஞ்சூருக்கு முன்னால் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. ஈப்போவில் ரயில் ஐந்து நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே மன்னிப்பு வரவில்லை, கொய்யாப்பழம்தான் வந்தது. நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார்கள். மன்னிப்பை விட ருசியாகத்தான் இருந்தது. எதிரே ஒரு தெலுங்குக்கார அம்மாள் போனில் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்: "நைனா, குக்கர் மூணு சத்தம் போட்டா இறக்குன்னு சொன்னேன். முப்பது சத்தம் போட்ட பிறகு போன் பண்றே." ஜன்னலோரம் இரண்டு வடநாட்டுத் தொழிலாளிகள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். "இது நிற்கிற ரயிலா, ஓடுகிற ரயிலா?" என்றார் ஒருவர். "மூன்று வருஷமாகப் போய்வருகிறேன், எனக்கும் இன்னும் தெரியவில்லை" என்றார் மற்றவர். கடைசியில் நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நிலக்கரிக்கு வழிவிட்டு நாங்கள் நின்றிருக்கிறோம். அதன் பிறகே நகர்ந்தோம்.

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் பாபு அண்ணன் காத்திருந்தார். மாமா நடத்திய 'எல்லைத் தபால்' வாரப் பத்திரிகையில் அச்சுக் கோத்தவர், மிஷின் ஓட்டியவர், சைக்கிளில் போட்டுக்கொண்டு போய் விற்றவர் எல்லாம் இந்த ஒரே ஆள். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நினைவுக் கல் குழுவுக்குத் தலைவரும் அவரே, செயலாளரும் அவரே. என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆனால் என்னை அக்கா என்கிறார். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் முகம் பார்த்தபோது லேசாகச் சந்தேகம் வந்தது.

"கல்லைப் பாத்துட்டு லாட்ஜுக்குப் போலாமாண்ணே?"

"இன்னாக்கா அவசரம்? கல்லு எங்க ஓடிடப் போவுது? இருட்டிக்கினு வருது பாரு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

போகிற வழியில் அவராகவே ஒரு செய்தி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வருகிறவர்களுக்கு நாஷ்டா கொடுக்க ஏற்பாடு செய்திருந்த கிரேஸ் அக்கா, அன்றைக்குக் கடை போட மாட்டாராம். ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டு நேரே மீஞ்சூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். "ஒரே பேஜாரா கீதுக்கா" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். "வேற கடை பாருங்களேன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக் கியரைப் போட்டார்.

வியாழக்கிழமை காலை கவரைப்பேட்டைப் பக்கம் நாவல்மேடு கூட்ரோட்டில் இறங்கினோம். ஊருக்குள் போகிற சாலை நெடுஞ்சாலையில் சேருகிற இடம். பேருந்து நிறுத்தம், அதை ஒட்டித் தள்ளுவண்டியில் கிரேஸ் அக்காவின் நாஷ்டா கடை, கடையிலிருந்து ஆறடியில் என் கல். கல் தெரியவில்லை. காதணி விழா பிளக்ஸ் ஒன்றால் அதை மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு குழந்தை மொட்டைத் தலையும் பெரிய கண்ணுமாக என்னையே பார்த்தது. சுற்றிலும் நாலு புலி.

"இப்பவாவது பிரிச்சுக் காட்டுங்கண்ணே."

பாபு அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எமகண்டம்க்கா. ஏழரை வரைக்கும் தொடக்கூடாது." ஏழரைக்கு அவருக்குச் சவாரி வந்துவிட்டது.

கிரேஸ் அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கழனி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, தொழிற்பேட்டையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து, முட்டி தேய்ந்ததும் வண்டிக்கடை போட்டவர். முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆட, நின்றபடியே நாலு இட்லியை முடித்துவிட்டுக் கம்பெனி வண்டியில் தாவுகிறார்கள். நாலு இட்லி சாப்பிட்டால் அக்கா கேட்காமலே பாதி மசால்வடையைப் பிய்த்துச் சாம்பாரில் போடுகிறார். கொசுறு. எல்லோர் தட்டிலும் விழுந்தது. நானும் நாலு இட்லி சாப்பிட்டேன். என் தட்டில் விழவில்லை. வெளிநாட்டுக்காரிக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று நினைத்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

"சாம்பார் அருமைக்கா. எங்க ஊர்ல நாசி லெமாக்குன்னு தேங்காப்பால் சோறு ஒண்ணு, அதுகூட இதுக்கப்புறம்தான்" என்றேன்.

"துன்னு" என்றார். அவ்வளவுதான்.

அன்று பகல் முழுக்க, பாபு அண்ணன் என்னை மாமாவின் பழைய வாசகர்களிடம் கூட்டிக்கொண்டு போனார். மாமா தர்மலிங்கம் என் அம்மாவுக்குத் தம்பி. அம்பாசமுத்திரத்திலிருந்து கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக வந்தவர், வந்த இடத்தில் பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். நாலு பக்கம். தண்ணீர் லாரி வரும் நேரம், காணாமல் போன ஆடு, ஷிப்டு மாற்றம், கல்யாணம், கருமாதி. அத்தை சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. பத்திரிகைதான் வீடு. போன வருஷம் மாமாவும் போய்விட்டார்.

இந்த ஊருக்கு மாமாவின் தலையங்கம் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அவர் போட்ட திருத்தங்கள். பத்திரிகையில் யாரைப் பற்றியாவது தப்பாக வந்துவிட்டால், எழுதியவரே அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே போய்க் காதோடு சொல்லக் கூடாது. தெருவில் நின்று, அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி, திருத்தத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு அதை அச்சில் போட வேண்டும். தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கம், தப்பு எந்த அளவு எழுத்தோ அதே அளவு எழுத்து. இது மாமாவின் சட்டம். பெரும்பாலும் தப்பாக எழுதியவரும் மாமாதான் என்பதால், வாரம் ஒரு தெருவில் அவர் குரல் கேட்டிருக்கிறது.

நெல் அறுத்த கழனி ஓரம் ஒரு பெரியவர் இதைச் சொல்லிச் சிரித்தார். சொந்தமாக நிலம் வைத்திருக்கிறவர். இடி விழுந்து அவருடைய எருமை செத்துப்போனதாக மாமா எழுதிவிட்டார். எருமை மேய்ந்துகொண்டிருந்தது. "அடுத்த வாரம் வந்து, என் ஊட்டு முன்னால கூட இல்லம்மா, கொட்டாய் முன்னால நின்னுக்கினு, எருமையைப் பாத்துப் படிக்கறாரு. 'மேற்படி எருமை நலமாக உள்ளது. தவறுக்கு வருந்துகிறோம்'னு. அது சாணி போட்டுக்கினே கேட்டுச்சு."

சிலர், தங்களைப் பற்றியும் மாமா எதையாவது தப்பாக எழுதமாட்டாரா என்று ஏங்கினார்களாம். வாசலில் நின்று நம் பெயரை மரியாதையாகச் சொல்வதற்கு இந்த ஊரில் வேறு யார் வருகிறார்கள் என்று அந்தப் பெரியவரே கேட்டார். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனிதருக்கு நான் எழுதியது சின்ன வாசகம், இன்னும் நாலு வரி தூக்கலாக எழுதியிருக்கலாம் என்று வேறு நினைத்தேன். என் புத்தி அப்படி.

வெள்ளிக்கிழமையும் நாலு இட்லி, கொசுறு இல்லை. அன்றைக்குக் கல்லைப் பிரிக்கச் சொன்னபோது மணி பதினொன்று. "ராகு காலம்" என்றார் பாபு அண்ணன். எமகண்டம், ராகு காலம், குளிகை மூன்றையும் இவ்வளவு துல்லியமாக மனத்தில் வைத்திருக்கிற ஆட்டோ ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. "வாக்கா, காட்டுப்பள்ளில கப்பல் காட்டறேன்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

கப்பலைப் பார்க்கவில்லை. துறைமுக வாசலிலேயே காவலர் கைகாட்டி நிறுத்திவிட்டார். கிரேன்களின் தலை மட்டும் தெரிந்தது. அதைக் கப்பல் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் பாபு அண்ணன். வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். ஒரு கீற்றுக் கொட்டகையில் சங்கரா மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். குழம்பில் புளியும் காரமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, இரண்டுமே ஜெயித்தன. கண்ணில் தண்ணீர் வர, கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது கிளட்ச் ஒயர் அறுந்தது. ஈப்போவில் இப்படியானால் போன் செய்வோம், இழுவை வண்டி வரும், இரண்டு தாளில் கையெழுத்துப் போடுவோம். இங்கே பின்னால் வந்த முன்பின் தெரியாத ஆட்டோக்காரர், "இன்னா தல, ஒயரா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், தன் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு காலை நீட்டி எங்கள் வண்டியின் பின்பக்கத்தில் வைத்து, மீஞ்சூர் மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். நடுவில் அவர், "யாரு, பின்னால குந்திக்கினு கீறவங்க?" என்று கேட்டார்.

"எடிட்டர் மருமவ. கல்லுல எழுதனவங்க."

"அய்ய! அவங்களா? சொல்ட்டியா?"

"இன்னும் இல்லப்பா!"

"என்ன சொல்லணும்?" என்று நான் எட்டிப் பார்த்துக் கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் சாலையைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை நான் பாபு அண்ணனுக்குச் சொல்லாமல் ஆறு மணிக்கே பேருந்து பிடித்துக் கூட்ரோட்டுக்குப் போய்விட்டேன். எந்தக் காலமாவது இருந்துவிட்டுப் போகட்டும். கிரேஸ் அக்கா இட்லிப் பானையைத் திறந்துகொண்டிருந்தார். நான் கயிற்றை அவிழ்த்து, மொட்டைக் குழந்தையையும் நாலு புலியையும் கீழே தள்ளினேன்.

கறுப்புக் கல். வெள்ளை எழுத்து. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கடையில் நின்ற ஏழெட்டுப் பெண்களைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை திறந்துகொண்டது. ஏற்ற இறக்கத்தோடு படித்தேன்:

"எல்லைத் தபால் ஆசிரியர் தர்மலிங்கம் நினைவாக. அஞ்சாத நெஞ்சர், ஓயாத பேனா. பெண் தொழிலாளர்களுக்காகத் தனி ஒருவராகப் போராடி, இந்நிறுத்தத்தில் பேருந்தை நிற்கவைத்த பெருந்தகை."

படித்துவிட்டு, "எப்படிக்கா இருக்கு?" என்று கிரேஸ் அக்காவையே கேட்டேன். கேட்டேனே!

அவர் இட்லித் துணியைப் பிழிந்தார். "எழுத்து சோக்கா கீது."

அவர் வயதை ஒத்த ஒரு பெண்மணி, கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை போலிருக்கிறது, கையில் துடைப்பக் கட்டோடு நின்றவர், பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "அப்போ நாங்க அன்னிக்கு நடு ரோட்ல குந்திக்கினு துன்னமே, அது இன்னாத்துக்காம்?"

கம்பெனி வண்டி வந்தது, பெண்கள் ஏறிக்கொண்டார்கள். அந்தப் பெண்மணி மட்டும் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். கிரேஸ் அக்கா என் பக்கம் தட்டை நீட்டினார். நாலு இட்லி. கொசுறு இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாபு அண்ணன் வந்து, திறந்து கிடந்த கல்லையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு பழைய 'எல்லைத் தபால்' இதழ்களை எடுத்துக் கொடுத்தார். புதன்கிழமையிலிருந்து அவற்றை அங்கேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்.

முதல் இதழில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: "எமது இதழின் இடைவிடாத வற்புறுத்தலால் நாவல்மேடு கூட்ரோட்டில் பேருந்து நின்றது." அடுத்த வார இதழில், அதே இடத்தில், அதே அளவு எழுத்து: "திருத்தம். பேருந்து நின்றதற்கும் எமது இதழுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பத்தொன்பது பெண்கள் சாலையில் அமர்ந்து நிறுத்தினர். அப்போது ஆசிரியர் தூங்கிக்கொண்டிருந்தார்."

எனக்கு நினைவு வந்தது. கல்யாணமாகி ஈப்போ போன புதிதில் மாமா போன் செய்தார். "பஸ்ஸு நின்னுட்டு தாயி! நம்ம பத்திரிகையால பஸ்ஸு நின்னுட்டு!" என்று ஒரே சந்தோஷம். மூன்று நிமிடத்தில் லைன் போய்விட்டது. தப்பு எனக்குக் கடல் கடந்து வந்து சேர்ந்தது, திருத்தம் வந்து சேரவில்லை. இத்தனை வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, 'தனி ஒருவராக' என்று ஒரு பூவும் சுற்றி, கல்லில் ஏற்றிவிட்டேன். மாமா செய்த அதே தப்பு. குடும்ப வியாதி.

"தெரிஞ்சும் ஏன்ணே வெட்டவிட்டீங்க?" அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எழுதனவங்க வார்த்தையை அவங்களைக் கேக்காம மாத்தக்கூடாதுன்னு எடிட்டரு சட்டம்க்கா. நான் எத்தினி வருசம் கோத்தவன்! வந்தது வந்தபடி."

"கேட்டிருக்கலாமே?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். போன்ல நீ அயுதுகினே படிச்சுக் காட்டின. இன்னான்னு சொல்றது? சரி, நேர்ல வருவியே, கிரேஸ் அக்கா நாஷ்டா குடுக்கறப்போ சொல்லும்னு பாத்தேன்." கிரேஸ் அக்காவின் தள்ளுவண்டியைக் கைகாட்டினார். "அது நான் சொல்லுவேன்னு பாத்துக்கினு கீது."

ஆக, இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்கு மூன்று நாள் இட்லி ஊட்டியிருக்கிறார்கள்.

கல்லை உடைத்துவிடலாம் என்றேன். பாபு அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். அச்சான பத்திரிகையை மாமா ஒருநாளும் கொளுத்தியதில்லையாம். தப்பு இருக்கிற இடத்தில் இருக்கும், திருத்தம் பக்கத்தில் வரும், அதுதான் சட்டம். கல்லுக்கு அடியில் பீடம் இருந்தது. கல் வெட்டும் கடைக்காரரைக் கூப்பிட்டோம். கல்லறைக் கல், அடிக்கல், கோயில் உபயக் கல் மூன்றையும் ஒரே பட்டறையில் வெட்டுகிறவர். அளந்து பார்த்துவிட்டு, "அதே சைஸு எழுத்துன்னா கொஞ்சம்தான் புடிக்கும். வளவளன்னு எழுதாதீங்க" என்றார். என்னைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்கிறது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். ஈப்போவில் என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்: நான் எழுதியதில் பாதிக்கு மேல் நானே அடித்தேன். மதியம் கிரேஸ் அக்காவிடம் போய், "உங்க வீட்டு வாசலுக்கு வந்து படிக்கணும்க்கா" என்றேன்.

"ஊட்டாண்ட யாரு கீறா? எல்லாரும் வேலைக்குப் போய்க்கினு கீறாங்க. இங்கியே படி. ரெண்டு மணி ஷிப்டுக்கு ஆளுங்க வரும்" என்றார்.

ஒன்றரை மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. சனிக்கிழமை ஒன்றரை மணி எமகண்டம். பாபு அண்ணன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தள்ளுவண்டிக்கு முன்னால் போய் நின்று தாளைப் பிரித்தேன். படித்தேன்.

"திருத்தம். இக்கல்லில் பேருந்தை நிற்கவைத்தவர் ஆசிரியர் தர்மலிங்கம் என்று எழுதியது தவறு. தனி ஒருவராகச் சாலையில் அமர்ந்து, அஞ்சாது பேருந்தை மறித்த வீரப் பெண்மணி கிரேஸ்..."

"நிறுத்து" என்றார் கிரேஸ் அக்கா. கரண்டியால் வண்டி விளிம்பில் ஒரு தட்டு. "யாரு தனி ஒருவரு?"

துடைப்பக் கட்டுப் பெண்மணி முதல் ஷிப்டிலிருந்து சொல்லிக்கொண்டு சீக்கிரமே வந்து நின்றிருந்தார். அவர் சத்தமாகச் சிரித்தார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"அதுவரிக்கும் இங்க பஸ்ஸே நிக்காதும்மா. அன்னிக்கி எனுக்குக் காலு வெடவெடன்னு ஆடிச்சு. பஸ்ஸு வர வேகத்துக்கு ஓடிடலாம்னுதான் பாத்தேன். மொதல்ல ரோட்ல எறங்குனது அமுலு. என் கைய்யப் புட்ச்சி இஸ்து குந்த வச்சா. தூக்கைத் தொறந்து, 'நாஷ்டா துன்னாம வந்துட்டோம்டி, துன்னுட்டே போலாம், குந்துங்க'ன்னா. அதப் பாத்துதான் மத்தவங்க குந்தனாங்க. பத்தொம்போது பேரு. பஸ்ஸு நிக்காம இன்னா பண்ணும்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடிட்டரு திருத்தம் படிச்சது அமுலு ஊட்டு வாசல்ல. அன்னிக்குப் பூரா அவ மொகத்தப் பாத்திருக்கணும் நீ. சக்கரை வியாதில போய் மூணு வருசம் ஆவுது. என் பேரு கல்லுல இல்லாங்காட்டி எனுக்கு ஒண்ணியும் இல்லம்மா. நீ எழுதனதப் பாக்க சொல்ல, அவ செத்ததுக்கப்புறம் அவ கைல இருந்து எதையோ புடுங்கிக்கினாப்ல இருந்துச்சு. அதான் நான் நாளைக்கு இங்க நிக்க மாட்டேன்னுட்டேன்."

இரண்டாவது தடவையும் அதே பூவை எடுத்து அதே இடத்தில் சுற்றப் போனேனே என்று வெட்கமாக இருந்தது. தாளை வண்டிமேல் வைத்து, 'தனி ஒருவராக', 'அஞ்சாது', 'வீரப் பெண்மணி' மூன்றையும் அடித்தேன்.

"அமுலு பேரு மொதல்ல" என்றார் அக்கா, எட்டிப் பார்த்து. "அப்புறம் வேணும்னா என்னுது போட்டுக்கோ."

மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. ரெண்டு மணி ஷிப்டு வண்டி வந்து, ஆள் ஏறாமல் நிற்பதைப் பார்த்து ஹாரன் அடித்தது. கல்வெட்டுக்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினைப் போட்டார். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாலை, மைக், பேச்சு எல்லாம் இருந்தது. பேச்சைச் சுருக்கமாக வைத்தது நான்தான் என்றால் என் உறவினர்கள் நம்பப் போவதில்லை. கிரேஸ் அக்காவின் கடை இருந்த இடம் காலியாக இருந்தது. நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீஞ்சூர் பக்கம் போகிற பேருந்து ஒன்று நின்று புறப்பட்டபோது ஜன்னல் ஜன்னலாகத் தேடினேன். அதில் அவர் ஏறியிருக்கவில்லை. சற்று நேரத்தில், கோயில் முடிந்து, வெள்ளைச் சேலையும் கையில் பெரிய தூக்குமாக நடந்து வந்தார். பின்னால் அன்று சாலையில் உட்கார்ந்தவர்களில் பதினோரு பேர். அமுலுவைச் சேர்த்து மூன்று பேர் இப்போது இல்லை, மற்றவர்கள் வர முடியாத தூரத்தில் இருக்கிறார்கள்.

திறந்துவைக்க வேண்டியது நான். கயிற்றை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். முடிச்சு அவிழவில்லை, பாபு அண்ணன் இந்தத் தடவை பலமாகக் கட்டியிருந்தார். கடைசியில் காய் நறுக்கும் கத்தியால் அறுத்தார்கள். குழந்தையும் புலிகளும் விழுந்தன. பீடத்தில் இருந்தது இதுதான்:

"திருத்தம். பேருந்தை நிற்கவைத்தவர்கள் அமுலு, கிரேஸ் முதலிய பத்தொன்பது பெண்கள். முன்பு தவறாக எழுதித் திருத்தியவர் இவர். இப்போது தவறாக எழுதித் திருத்தியவர் இவர் மருமகள்."

கிரேஸ் அக்கா குனிந்து, எழுத்துக் கூட்டி, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். 'அமுலு'வில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கடைசி வரி வரை போய், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அன்றைக்குச் செய்த மாதிரியே எல்லோரும் சாலையோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். என்னையும் நடுவில் உட்காரச் சொன்னார்கள். தூக்கு திறந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து வந்தது. சேலை கட்டிய கூட்டம் சாலையோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், டிரைவர் நூறடிக்கு முன்னாலேயே பிரேக் போட்டுக் கையைத் தூக்கிக் கும்பிட்டார். "போ நைனா, போ! இன்னிக்கி வெறும் நாஷ்டாதான்" என்று கத்தினார் துடைப்பக் கட்டுப் பெண்மணி.

கிரேஸ் அக்கா ஒவ்வொருவருக்காக இலை போட்டுக்கொண்டே என்னிடம் வந்தார். நாலு இட்லி வைத்தார், சாம்பார் ஊற்றினார்.

"தப்பும் பண்ற, நாலு பேரு முன்னால வந்தும் நிக்கிற. அப்படியே உங்க மாமன்தான்" என்றார்.

சொல்லிவிட்டு, தூக்கின் அடியில் கையை விட்டு ஒரு மசால்வடையை எடுத்தார். பிய்க்கவில்லை. நான் கேட்காமலே, முழுசாக என் இலையில் போட்டார்.